மலையா, மழையா? – ஹெட்போன் ஒப்பீடும் திருத்தமும்

முன்னுரை

கல்வி நம்முள் புகும் வாயில்கள் இரண்டு. ஒன்று கண், மற்றொன்று செவி. ஏட்டை விரித்துக் கற்பதற்கு இணையாகக் கேட்டுக் கற்பதையும் நம் முன்னோர் போற்றினர். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே 42ஆம் அதிகாரத்தை வகுத்திருப்பது இதற்குச் சான்றாகும். நாட்டார் பாடல்களையும் வட்டார வழக்குகளையும் திரட்டும் தமிழ்த்துறையினர்க்குச் செவியே முதற் கருவி. எனினும் இன்று நாம் பெரும்பாலும் வெறுஞ்செவியால் கேட்பதில்லை. பாடியவர் வாய்க்கும் எழுதுவோர் கைக்கும் இடையே மைக், பதிவுக் கருவி, ஹெட்போன் ஆகிய மூன்றும் நிற்கின்றன. முதலிரண்டைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கருத்தை மூன்றாவதில் நாம் காட்டுவதில்லை. 'காதில் மாட்டினால் கேட்கிறது, அது போதும்' என்று இருந்துவிடுகிறோம்.

அவ்வாறு இருந்துவிட்டமையால் ஒரு முதியவரின் சொல்லைப் பிழைபட எழுதவிருந்தோம். அந்நிகழ்ச்சியை முன்னிட்டு, உயர்தர ஹெட்போன்களை எவ்வாறு ஒப்பிடுவது, அவற்றை நம் தேவைக்கேற்ப எவ்வாறு திருத்திக்கொள்வது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல்லில் எழுந்த ஐயம்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. இதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. மற்றொரு பகுதி 2019ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. கோமுகி ஆறு இம்மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள அணையில் தேங்கிச் சமவெளிக்கு இறங்குகிறது. மலை மீதுள்ள வெள்ளிமலையைச் சூழ்ந்த ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயரொற்றுமை கருதி இவர்களைக் கேரள மக்களோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்களது பேச்சு தமிழே.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் மாணவர் சிலருடன் அம்மலைக்குச் சென்று பாடல்களைப் பதிவு செய்தோம். சாமை விதைக்கும் காலத்தில் பாடுவதென்று ஒரு முதிய அம்மையார் ஒரு பாட்டைப் பாடினார். அதில் ஒரு தொடர் மும்முறை திரும்பி வந்தது. ஊருக்குத் திரும்பி எழுதத் தொடங்கியபோது நமக்கு அது 'மலை இறங்கி' என்று கேட்டது. உடன் வந்த மாணவருக்கோ 'மழை இறங்கி' என்று கேட்டது. இருவரும் வெவ்வேறு ஹெட்போன்களில் கேட்டோம். மலை மக்கள் பேச்சில் ஐகாரம் குறுகி 'மல', 'மழ' என்றே ஒலிக்கும். ஆகவே வேறுபாடு ஒரே ஒரு மெய்யில் நின்றது.

ஓரெழுத்துத்தானே என்று இதனை ஒதுக்க இயலாது. 'மழை' எனின் அது வானை நோக்கி வேண்டும் விதைப்புப் பாட்டு. 'மலை' எனின், மலையை விட்டு இறங்கிப் பிழைப்புக்காக வெளியூர் சென்றவரை எண்ணிப் பாடும் பிரிவுப் பாட்டு. பாட்டின் வகையும் பொருளும் மாறிவிடுகின்றன. நாம் எழுதுவதையே பின்வருவோர் ஆதாரமாகக் கொள்வர் என்பதால், இதனைத் தீர்த்துவிட்டே மேற்செல்வது என்று முடிவு செய்தோம்.

ஹெட்போன் வளர்ந்த வரலாறு

ஹெட்போனுக்குச் செவியொலிப்பான், காதணி ஒலிபெருக்கி எனத் தமிழில் பல பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. கடைக்காரரும் பழுது பார்ப்பவரும் அறிந்த சொல் ஹெட்போன் என்பதே ஆதலின் நாமும் அதனையே கையாளுகிறோம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்டுவின் 1910ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படைக்கு ஹெட்போன்களைச் செய்து அளித்தார். அவை கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்பதற்கானவை. 1937இல் ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் டிடி 48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. கம்பிச்சுருளை இயக்கி ஒலியெழுப்பும் இன்றைய முறைக்கு அது முன்னோடியாகும். 1958இல் அமெரிக்காவின் காஸ் நிறுவனம் ஸ்டீரியோ இசை கேட்பதற்கென ஹெட்போன் செய்தது. 1960இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் நிலைமின்னியல் முறையில் இயங்கும் ஹெட்போனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்னும் திறந்த வகையை அறிமுகம் செய்தது. 1979இல் சோனியின் வாக்மேன் வந்தபின் ஹெட்போன் வீதிக்கும் பேருந்துக்கும் வந்து சேர்ந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் காணப்பெறும் சோனி எம்டிஆர்-7506 என்பது 1991இலும், ஒப்பீட்டுக்கு உரைகல்லாகப் பலரும் கொள்ளும் சென்ஹைசர் எச்டி 600 என்பது 1997இலும் வெளிவந்தன. மின்னணுப் பொருள்கள் ஈராண்டில் பழமையாகிவிடும் காலத்தில், ஹெட்போன்கள் இத்துணைக் காலம் நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

உள்ளமைப்பு

ஹெட்போன்களை ஒலியெழுப்பும் முறையால் மூவகைப்படுத்தலாம். முதலாவது கம்பிச்சுருள் வகை. மெல்லிய படலம் ஒன்றின் நடுவே கம்பிச்சுருள் ஒட்டப்பட்டு, காந்தத்தின் இடைவெளியில் நிற்கும். மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் நகரும். படலமும் உடன் நகர்ந்து காற்றை அசைக்கும். பெரும்பாலான ஹெட்போன்கள் இவ்வகையினவே. இரண்டாவது தகட்டு வகை. இதில் சுருள் இல்லை. படலத்தின் மேலேயே கடத்தி பரவலாகப் பதிக்கப்பட்டிருக்கும். முகப்பு முழுவதும் ஏறத்தாழ ஒருசேர அசைவது இதன் சிறப்பு. மூன்றாவது நிலைமின்னியல் வகை. மின்னேற்றம் பெற்ற மிக மெல்லிய படலம், துளையிட்ட இரு தகடுகளுக்கிடையே அசையும். இதற்கெனத் தனி மின்பெருக்கி தேவைப்படுவதால் இது வீட்டிலேயே தங்கிவிடும், மலையேறி வாராது.

கிண்ணத்தின் அமைப்பால் ஹெட்போன் மூடிய வகை, திறந்த வகை என இருவகைப்படும். மூடிய வகையில் புறவொலி உள்ளே வாராது. உள்ளொலியும் வெளியே செல்லாது. பதிவு செய்யுமிடத்தில் இதுவே வேண்டும். ஹெட்போனின் ஒலி கசிந்தால் மைக் அதனையும் பற்றிக்கொள்ளும். ஆனால் படலத்தின் பின்புறம் எழும் ஒலி கிண்ணத்துள் எதிரொலித்துத் திரும்ப வரக்கூடும். திறந்த வகையில் அவ்வொலி பின்புறமாக வெளியேறிவிடுவதால் கேட்பது இயல்பாக இருக்கும். அமைதியான அறையில் அமர்ந்து எழுதுவோர்க்கு இது உகந்தது.

செவியும் ஒரு குழலே

ஹெட்போன்களை ஒப்பிடுமுன் செவியின் இயல்பை அறிதல் வேண்டும். காதின் துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள வழி ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒருபுறம் அடைபட்ட குழல். எல்லாக் குழல்களையும் போல இதற்கும் சொந்தமாக ஓர் ஒத்ததிர்வு உண்டு. அது ஏறத்தாழ 3,000 ஹெர்ட்சு அளவில் அமைகிறது. ஆகவே எதிரே நின்று ஒருவர் பேசும்போது அப்பகுதி ஒலிகள் செவியிலேயே வலுப்பெற்றுவிடுகின்றன. காதை மூடி அமரும் ஹெட்போன் இந்த இயற்கை நிலையை மாற்றுவதால், அவ்விழப்பைத் தானே ஈடு செய்தல் வேண்டும். எல்லா அதிர்வெண்களையும் சமமாகச் செவிப்பறைக்குத் தரும் ஹெட்போன் நேர்மையானது என்று தோன்றலாம். உண்மையில் அது மங்கிய, உயிரற்ற ஒலியாகவே கேட்கும்.

இதனை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் குறிப்பிடத்தக்கவர்கள். 2012 முதல் அவர்கள் நடத்திய சோதனைகளில், நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி எவ்வாறு கேட்குமோ அவ்வாறு கேட்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினர் என்பது தெரியவந்தது. இன்று வெளியாகும் ஹெட்போன் அளவீடுகள் பலவற்றில் ஹார்மன் கோடு என்று காணப்படுவது அவ்வாய்வின் பயனாகும்.

ஒப்பிடும் முறை

இரண்டு ஹெட்போன்களை மாறி மாறி மாட்டி, 'இது நன்று, அது அன்று' என்று கூறுவது ஒப்பீடாகாது. அதில் மூன்று மயக்கங்கள் உள்ளன.

முதலாவது, ஒலியளவின் மயக்கம். சற்று உரக்க ஒலிப்பது எதுவாயினும் அது தெளிவானது என்று செவி எண்ணிவிடும். ஒரே அளவில் திறந்த பெருக்கியில் ஒரு ஹெட்போன் உரக்கவும் மற்றொன்று மெல்லவும் ஒலிக்கும். அவற்றின் மின்தடையும் உணர்திறனும் வேறுபடுவதே காரணம். ஆகவே ஒரே குரலை இரண்டிலும் ஒத்த உரப்பில் கேட்குமாறு முதலில் சரிசெய்தல் வேண்டும்.

இரண்டாவது, பெயரின் மயக்கம். விலையும் நிறுவனப் பெயரும் தெரிந்தபின் செவி நடுநிலை இழக்கும். ஹெட்போனைத் தலையில் மாட்டியவுடன் எடையாலும் மெத்தையாலும் அது இன்னது என்று தெரிந்துவிடுவதால் கண்ணைக் கட்டியும் பயனில்லை. எனவே 'எது இனிது?' என்று கேளாமல், 'எதில் பிழை குறைவு?' என்று கேட்பதே வழி.

மூன்றாவது, எதிர்பார்ப்பின் மயக்கம். 1970இல் ரிச்சர்டு வாரன் என்னும் உளவியலாளர், பதிவு செய்த வாக்கியமொன்றில் ஓரொலியை வெட்டியெடுத்து அவ்விடத்தில் இருமல் ஒலியை வைத்தார். கேட்டவர்கள் சொல் முழுமையாக இருப்பதாகவே உணர்ந்தனர். மனம் தான் எதிர்பார்த்த ஒலியைத் தானே நிரப்பிக்கொண்டது. 'மலை', 'மழை' வேறுபாட்டில் நமக்கும் இதுவே நேர்ந்திருக்கக்கூடும். நாம் மலையைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தோம். மாணவரோ விதைப்பைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார்.

சோதனைக்குரிய ஒலிகள்

இம்மயக்கங்களைக் கடக்கத் தமிழே நமக்கு ஒரு கருவியைத் தந்துள்ளது. தலை, தளை, தழை. வலி, வளி, வழி. ஒலி, ஒளி, ஒழி. கிலி, கிளி, கிழி. விலை, விளை, விழை எனச் சொற்களைத் தொகுத்தோம். ஒரு மாணவர் அவற்றை வரிசை மாற்றிப் படிக்க, மலையில் பயன்படுத்திய அதே கருவியால் பதிவு செய்தோம். கேட்பவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் தாம் கேட்டதை எழுதினர். பின்னர் மூலப் பட்டியலோடு ஒப்பிட்டோம். எந்த ஹெட்போனில் எவ்வெழுத்துப் பிழைபடுகிறது என்பது தாளிலேயே தெரிந்துவிட்டது. எந்தத் தமிழ்த்துறையும் செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை இது.

இதன் பின்னே ஒலியியல் உண்மை ஒன்று உள்ளது. தொல்காப்பியப் பிறப்பியல் ரகர ழகரங்களை ஓரிணையாகவும், லகர ளகரங்களை மற்றோர் இணையாகவும் வைத்து, நாவின் நுனி, விளிம்பு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. இக்கால ஒலியியலாளர், குரலில் செறிந்து நிற்கும் அதிர்வெண் பட்டைகளைக் கொண்டு அவற்றைப் பிரிக்கின்றனர். ஷ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளர்களும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் காந்த அதிர்வுப் படங்களின் துணையோடு ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். பொதுவாக, நா வளைந்து பிறக்கும் ஒலிகளில் மூன்றாவது செறிவுப் பட்டை கீழிறங்கும். லகரத்தில் ஏறத்தாழ 2,500 ஹெர்ட்சு அளவிலோ அதற்கு மேலோ நிற்கும் அப்பட்டை, ழகரத்தில் 2,000 ஹெர்ட்சை நெருங்கி இறங்கிவிடும். ஒரு ஹெட்போன் 2,000க்கும் 3,000க்கும் இடைப்பட்ட பகுதியை அமுக்கிவிட்டால் இவ்வேறுபாடு மங்கும். அளவு மீறி உயர்த்தினாலும் மங்கும். பாடலின் இனிமைக்காகத் தாழ்வொலியை மிகுதியாக ஊட்டிய ஹெட்போன், இடையொலியை மறைத்து எழுத்தை விழுங்கிவிடும்.

இசைக்கு உரைகல் மிருதங்கம். சாதாரணத் தோற்கருவிகளின் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்பெறும் கரணை அம்மேலொலிகளை இசைவுள்ளனவாக்குகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1920இலும் 1934இலும் இதனை ஆராய்ந்து எழுதினார். ஆகவே நல்ல ஹெட்போனில் மிருதங்கத்தின் வலந்தலைச் சொல் வெறும் தட்டொலியாகக் கேளாமல், சுருதியுள்ள ஓசையாகக் கேட்கும். அவ்வோசை தகர ஒலியாய்ச் சிதறினால் உச்சவொலி மிகை என்றும், மூட்டையைத் தட்டியதுபோல் இருந்தால் தாழ்வொலி மிகை என்றும் அறியலாம்.

திருத்தும் முறைகள்

ஹெட்போனைத் திருத்துவதென்பது இன்று உலகெங்கும் பரவிய ஒரு கலை. ஜப்பானின் பாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி50ஆர்பி என்னும் தகட்டு வகை ஹெட்போன் இதற்குப் பெயர் பெற்றது. எளிதில் பிரித்துப் பூட்டக்கூடியது என்பதால் ஆர்வலர் பலர் அதனையே அடிப்படையாகக் கொண்டனர். அமெரிக்காவின் டான் கிளார்க் அதனைத் திருத்தி மேட் டாக் என்னும் பெயரில் விற்றார். பின்னர்த் தாமே ஹெட்போன் செய்யும் நிறுவனத்தவரானார். சிகாகோவின் இசட்எம்எப் நிறுவனமும் அவ்வாறே அதன் திருத்தத்தில் தொடங்கி வளர்ந்தது. நாமும் அவ்வகையைச் சேர்ந்த ஒன்றையே திருத்தினோம். கற்றவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலில் மெத்தை. காதைச் சூழும் மெத்தை தலையோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் தாழ்வொலி நிற்கும். மூக்குக் கண்ணாடியின் காம்பும், காதருகே உள்ள தலைமுடியும் அப்பொருத்தத்தைக் கெடுக்கும். மெத்தையின் தடிப்பு மாறினால் படலத்துக்கும் காதுக்கும் உள்ள தொலைவு மாறி, உச்சவொலியும் மாறும். பணம் செலவிடுவதாயின் முதற்செலவு இதற்கே ஆகட்டும். மிகுந்த மாற்றத்தைத் தருவதும் இதுவே.

இரண்டாவது, கிண்ணத்துள் ஒலியை உறிஞ்சும் பொருள். பஞ்சு, ஸ்பாஞ்சு, தடித்த கம்பளித்துணி ஆகியவை உதவும். இவை பின்புற எதிரொலியைக் குறைக்கின்றன. அளவு மிகுந்தால் ஒலி உயிரிழக்கும். இருபுறமும் ஒரே எடை வைத்தல் இன்றியமையாதது. இதற்கு நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசு வேண்டும், கைக்கணக்கு உதவாது.

மூன்றாவது, காற்றுத் துளை. கிண்ணத்தில் உள்ள சிறு துளைகள் தாழ்வொலியின் அளவை ஆளுகின்றன. புண்ணுக்கு ஒட்டும் காகிதப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக ஒட்டிப் பார்த்து அளவை நிறுத்தலாம். வேண்டாதபோது உரித்தெடுக்கலாம்.

நான்காவது, கிண்ணத்தின் சுவர். மெல்லிய பிளாஸ்டிக் சுவர் தானும் அதிரும். சிறுவர் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணை மெல்லிய தாளாக உருட்டி உட்புறம் அப்பினால் அதிர்வு அடங்கும். எடை கூடும் என்பதை மறத்தலாகாது. நான்கு மணிநேரம் மாட்டி எழுதுவோர்க்கு ஐம்பது கிராமும் சுமையே.

ஐந்தாவது, கம்பியும் பெருக்கியும். அறுந்த கம்பியையும் தளர்ந்த பற்றவைப்பையும் சரிசெய்வது தேவை. அதற்கப்பால், விலையுயர்ந்த கம்பியால் ஒலி மேம்படும் என்பது பெரும்பாலும் நம்பிக்கையே. மின்தடை மிகுந்த ஹெட்போனே உயர்ந்தது என்பதும் பிழை. எச்டி 600 போன்று 300 ஓம் தடையுள்ளவற்றுக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும் என்பதே அதன் பொருள். கைப்பேசியில் நேரே செருகினால் அவை போதிய உரப்பில் ஒலியாமல் போகலாம்.

ஆறாவது, ஈக்குவலைசர். கணினியிலேயே குறிப்பிட்ட அதிர்வெண்ணை உயர்த்தவும் தாழ்த்தவும் இது உதவும். மெத்தையும் பஞ்சும் செய்ய இயலாத நுண்திருத்தத்தை இது செய்யும். ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய நிலை மீளும். மலைக்காற்று மைக்கில் மோதி எழுப்பும் உறுமலை 100 ஹெர்ட்சுக்குக் கீழ் வெட்டிவிட்டால் குரல் தெளியும். ஆயினும் ஒரு விதியை உறுதியாகக் கொள்ளல் வேண்டும். ஈக்குவலைசர் கேட்பதற்கு மட்டுமே. மூலப் பதிவைத் தொடுதல் கூடாது.

இத்திருத்தங்களைச் செய்வோர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. செய்ததை நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுதுக. எடுத்த பொருளை எறியாமல் வைத்திருக்க. கிண்ணத்தைப் பிரித்தால் நிறுவனத்தின் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதை அறிந்தே பிரிக்க. இரும்புத்தூள் உள்ள மேசையில் இப்பணியைச் செய்யற்க. உள்ளிருக்கும் காந்தம் தூளையும் திருப்புளியையும் ஒருங்கே இழுத்துப் படலத்தைக் கிழித்துவிடும்.

மரக்கிண்ணம்

உயர்விலை ஹெட்போன்கள் சிலவற்றின் கிண்ணங்கள் மரத்தாலானவை. கள்ளக்குறிச்சியோ மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனவே அங்குள்ள சிற்பி ஒருவரை அணுகி, வாகை மரத்தில் இரு கிண்ணங்கள் குடைந்து தருமாறு கேட்டோம். அவர் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செஞ்சு தரேன் சார். ஆனா ரெண்டும் ஒரே எடையில வரணும்னு கேக்காதீங்க. ஒரே மரத்துலயும் இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

அவர் சொன்னவாறே எடை வேறுபட்டது. உட்புறம் இருமுறை செதுக்கியபின்பே ஓரளவு ஒத்து வந்தது. கண்ணுக்கு அவை மிக அழகாக இருந்தன. செவிக்கோ, உள்ளே ஒரே அளவு கம்பளி வைத்தபின் பிளாஸ்டிக்குக்கும் வாகைக்கும் நாம் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சொற்பட்டியல் சோதனையிலும் பிழைகள் முன்போலவே இருந்தன. கிண்ணத்தின் வடிவும் உள்ளீடும் செய்வதை மரத்தின் பெயர் செய்வதில்லை என்று தெளிந்தோம். கைவினையை விரும்பி மரக்கிண்ணம் வாங்குவோர் வாங்கலாம். எழுத்துப்பிழை குறையும் என்று வாங்க வேண்டுவதில்லை.

விலையும் பயனும்

'விலை உயர உயரத் தரமும் உயருமன்றோ?' என்று வினவுவோர் உண்டு. யெரூன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிர்வெண் அமைவுக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. விலையுயர்ந்தவற்றில் உழைக்கும் தன்மையும், அணியும் சுகமும், உதிரிப்பாகம் கிடைக்கும் வசதியும் மிகுதியாக இருக்கலாம், அவையும் வேண்டியனவே. ஆனால் ஒலியின் செம்மையை விலைச்சீட்டில் படிக்க இயலாது.

செவியின் நலத்தையும் இங்கே நினைவூட்டுதல் கடமையாகும். உலக நலவாழ்வு அமைப்பு, பெரியோர்க்கு வாரத்துக்கு 40 மணிநேரம், 80 டெசிபல் என்பதைக் காப்பான எல்லையாகக் கொள்கிறது. உரப்பு 3 டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும்: 83 டெசிபலுக்கு 20 மணிநேரம்; 86க்குப் பத்தே மணிநேரம். எழுத்து விளங்காதபோது ஒலியைக் கூட்டுவதே நம் வழக்கம். திருத்திய ஹெட்போனில் குறைந்த உரப்பிலேயே எழுத்து விளங்கும். ஆய்வாளரின் செவியைக் காப்பதும் திருத்தத்தின் பயன்களுள் ஒன்று எனலாம்.

மீண்டும் வெள்ளிமலை

மெத்தை மாற்றி, பஞ்சு வைத்து, துளையடைத்து, இடையொலியைச் சமன்செய்தபின் சொற்பட்டியலில் பிழை வெகுவாகக் குறைந்தது. அதன்பின் அம்மையாரின் பாட்டை மீண்டும் கேட்டோம். இம்முறை நமக்கும் மாணவருக்கும் ஒரே வகையாகக் கேட்டது. ஆனால் கேட்டது நம்மை வேறொரு குழப்பத்தில் ஆழ்த்தியது. முதலிரு முறையும் 'மழை' என்று தெளிவாக இருந்தது. மூன்றாம் முறை, ஐயமின்றி, 'மலை' என்றிருந்தது. முன்பு நாம் மூன்றையும் மலையாகக் கேட்டோம். மாணவர் மூன்றையும் மழையாகக் கேட்டார். கருவியின் மங்கலைத் தத்தம் எண்ணத்தால் நிரப்பிக்கொண்டோம் என்று இப்போது புலனாயிற்று.

ஆயினும் மூன்றாம் இடத்தை என் செய்வது? முதிய வயதில் நா பிறழ்ந்திருக்கும் என்றே கருதினோம். இருமுறை வந்ததையே கொண்டு மூன்றையும் 'மழை' என ஒருமைப்படுத்தி எழுதவும் செய்தோம். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று மடிக்கணினியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு மலையேறினோம்.

அம்மையார் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஹெட்போனை அவர் தலையில் பொருத்தி அவருடைய பாட்டையே கேட்கச் செய்தோம். கண்ணை மூடிக் கேட்டவர், "பின்னால நம்ம கோழி கூவுது பாருங்க வாத்தியாரே" என்றார். நாம் அதுவரை கருதாத ஒலி அது. பின்னர், "ஆயா, கடைசியில மலைன்னு வருதே, அது மழைதானே?" என்று கேட்டோம்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எங்கம்மா மழைன்னுதான் பாடும். நானும் அப்படித்தான் பாடிக்கிட்டு இருந்தேன். எம் மவன் மலை எறங்கி வெளியூரு வேலைக்குப் போனதுல இருந்து எனக்குக் கடைசியில மலைன்னு வந்துடுது. ரெண்டும் நான் பாடுனதுதான். ரெண்டையும் எழுதிக்குங்க" என்றார்.

மகன் எப்போது வருவார் என்று கேட்டதற்கு, பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருப்பதாகக் கூறிவிட்டு மீண்டும் புளியில் கைவைத்தார். நாம் அங்கேயே அமர்ந்து நம் தாளில் மூன்றாவது 'மழை'யை அடித்துவிட்டு 'மலை' என எழுதினோம்.

முடிவுரை

ஹெட்போனைத் திருத்தியிராவிடில் மூன்றாம் இடத்தின் வேறுபாடு நமக்குக் கேட்டிராது. மலைக்குத் திரும்பிச் சென்றிராவிடில், கேட்டதனைப் பிழையென்று எண்ணி நாமே அழித்திருப்போம். முதற்குறை கருவியுடையது, பஞ்சாலும் மெத்தையாலும் தீர்ந்தது. இரண்டாவது குறை நம்முடையது. பாடியவரைக் கேட்டே தீர்ந்தது.

ஆகவே களப்பணிக்குச் செல்லும் மாணவர்க்கு நாம் கூறுவன இவை: விலையைக் கேளாமல் சொற்பட்டியலைக் கொண்டு ஹெட்போனைத் தேர்க. பதிவிடத்துக்கு மூடிய வகையையும், எழுதுமிடத்துக்குத் திறந்த வகையையும் கொள்க. மீட்கக்கூடிய திருத்தங்களையே செய்க. எந்த ஹெட்போனில், எந்தத் திருத்தத்தோடு கேட்டு எழுதப்பட்டது என்பதைப் பாடலின் கீழ் ஒரு வரியில் குறிக்க. மாறி வரும் சொல்லை ஒருமைப்படுத்தாமல் வந்தவாறே எழுதுக. எழுதி முடித்தபின், பாடியவர்க்கு ஒருமுறை படித்துக் காட்டுக.